பாதை முடிகிற இடத்திலிருந்து: ஸ்காட்லாந்தின் ஓர் ஒதுக்குப்புற மலையுச்சிக்கு வழி கண்டு ஏறுவது எப்படி

ஸ்னோடன் ஏறியாயிற்று, பென் நெவிஸும் ஏறியாயிற்று. இரண்டிலும் கல் பாவிய பாதை, முன்னும் பின்னும் ஆட்கள், உச்சி எந்தப் பக்கம் என்று யோசிக்கவே தேவையில்லாத நடை. அடுத்து என்ன என்று கேட்கும் பிரிட்டன் வாழ் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதையே இல்லாத சரிவில், வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு ஒரு தொலைதூர உச்சியைத் தொட்டுப் பத்திரமாகத் திரும்புவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சி இருந்தால் சாதாரண உடல்நலம் உள்ள யாராலும் முடியும்.

பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு மலையை எடுத்துக்கொள்கிறேன். வடமேற்கு ஸ்காட்லாந்தில், மரீ ஏரிக்கு வடகிழக்கே உள்ள அ வைச்சன். உயரம் 967 மீட்டர். ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு மேற்பட்ட முக்கிய உச்சிகளை மன்ரோ என்பார்கள். 1891-ல் ஹியூ மன்ரோ வெளியிட்ட பட்டியலிலிருந்து வந்த பெயர். இன்று அந்தப் பட்டியலில் 282 மலைகள். அவற்றில் சாலையிலிருந்து மிகவும் ஒதுங்கிக் கிடப்பது எது என்ற பேச்சு வந்தால் முதலில் சொல்லப்படும் பெயர் இதுதான். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் வைத்த பெயர் என்பதால் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே இருக்காது. பெயரைத் தேடுவதைவிட என்ஹெச் (NH) 008 749 என்ற கட்ட எண்ணை, அதாவது வரைபடத்தின் கட்டங்களில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்ணை, வைத்து வரைபடத்தில் கண்டுபிடிப்பது சுலபம்.

போவதற்குச் சட்டம் அனுமதிக்கிறதா? அனுமதிக்கிறது. 2003-ம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் மலை, காடு, ஏரிக்கரை எங்கும் நடக்கவும், சிறு குழுவாகக் கூடாரம் போட்டுத் தங்கவும் உரிமை தருகிறது. நாம் பேசும் மலை லெட்டர்யூ என்ற தனியார் எஸ்டேட்டுக்குள் இருக்கிறது. அந்த எஸ்டேட்டுக்கும் மலையேறிகளுக்கும் இடையில் நீண்ட உரசலுக்குப் பின் 1993-ல் ஏற்பட்ட உடன்பாடு, பத்து வருடம் கழித்து வந்த இந்தச் சட்டத்துக்கு ஒரு முன்மாதிரி. இப்படிப் போராடிப் பெற்ற உரிமை என்பதால் அதை மதித்து நடக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருப்பேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சொல்லும் உத்திகள் எந்த மலைக்கும் பொருந்தும், உரிமை பொருந்தாது. தமிழ்நாட்டில் வனத்துறை அனுமதித்த தடத்தை விட்டு விலகிக் காட்டுக்குள் போவது குற்றம், ஆபத்தும்கூட. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று. அ வைச்சன் உங்கள் முதல் பாதையற்ற மலையாக இருக்கக் கூடாது. சாலைக்கு அருகே ஒரு சின்னக் குன்றில், வெயில் நாளில், எங்கே இருக்கிறோம் என்று கண்ணுக்கே தெரியும்போது காம்பஸைப் பழகுங்கள். மூன்று நான்கு முறை அப்படிப் பழகி, காம்பஸ் சொல்வதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகுதான் மூடுபனியில் அதை நம்பக் கை துணியும். ஸ்காட்லாந்தில் இதற்கென்றே வார இறுதிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. புது ஷூவுக்குச் செலவழிப்பதற்கு முன் அதற்குச் செலவழியுங்கள்.

வீட்டில், மேஜைமேல்

பாதையற்ற நடையில் பாதி வேலை புறப்படுவதற்கு முந்தின வாரமே முடிந்துவிட வேண்டும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடத்தில் 19-ம் தாள், அல்லது 1:25,000 அளவில் 435-ம் தாள் வாங்குங்கள். முதலாவதில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். இரண்டாவதில் 4 சென்டிமீட்டர். புதியவர்களுக்கு நான் பெரிய அளவுள்ள 435-ஐத்தான் சொல்வேன். சிற்றோடைகளும் பாறை விளிம்புகளும் அதில் தெளிவாகத் தெரியும்.

பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து ஓடுபவை சம உயரக் கோடுகள். இந்த மலைப்பகுதியில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உயர வித்தியாசம் 10 மீட்டர். 50 மீட்டருக்கு ஒரு முறை கோடு தடிமனாக வரும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். இதை எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். அதைவிட முக்கியமானது கோடு வளையும் விதம். கோடுகள் மேட்டுப் பக்கம் குத்தி வளைந்தால் அது ஓடைப் பள்ளம். பள்ளத்துப் பக்கம் பிதுங்கி வளைந்தால் அது முகடு. இரண்டு உச்சிகளுக்கு நடுவே கோடுகள் இடுப்பாகச் சுருங்கும் இடம் கணவாய். பாதை இல்லாத இடத்தில் உங்களுக்கு அடையாளமாக இருக்கப்போவது இந்த மூன்றும்தான். ஆகவே விரலை வரைபடத்தில் வைத்து, 'இங்கே நின்றால் இடது பக்கம் எனக்கு என்ன தெரியும்?' என்று கேட்டுப் பழகுங்கள்.

இப்போது வழி. கின்லாக்யூ கிராமத்தை ஒட்டிய இன்ச்செரில் வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்குகிறோம். அங்கிருந்து ஆற்றை ஒட்டி வண்டிப்பாதையில் ஹைட்ஸ் ஆஃப் கின்லாக்யூ என்ற இடம். அங்கே வடமேற்கில் திரும்பி, க்ளென் நா முய்க் என்ற பள்ளத்தாக்கு வழியே லாக்கன் ஃபாடா ஏரியின் தென்கிழக்கு முனை. இதுவரை சுமார் 10 கிலோமீட்டர், தடம் இருக்கிறது. இதற்குப் பிறகுதான் நம் வேலை. ஏரியை இடது கைப்பக்கம் கீழே வைத்துக்கொண்டு, பென் டார்சின் மலையின் தென்மேற்குச் சரிவில் சாய்வாக ஏறி, பாலன் நா முய்க் என்ற சதுப்பான கணவாயை அடைய வேண்டும். உயரம் சுமார் 525 மீட்டர். அங்கிருந்து வடமேற்கில் அகலமான புல்சரிவில் ஏறினால் உச்சி.

இந்த வழியைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்ன அட்டையில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ள வேண்டும்: எந்தத் திசைக்கோணம் (வடக்கிலிருந்து எத்தனை டிகிரி), எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், தாண்டிப் போய்விட்டால் எது காட்டிக்கொடுக்கும். கடைசி விஷயத்தைத்தான் புதியவர்கள் எழுதுவதில்லை. என் அனுபவத்தில் மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

கணவாயையே பாருங்கள். ஏறும்போது சரிவு முழுக்க உங்கள் இடது பக்கம், ஏரியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். ஓடைகளெல்லாம் வலமிருந்து இடமாக ஓடும். எங்கே ஓடை நீர் வடக்கே, உங்களுக்கு முன்னால் விலகி ஓடத் தொடங்குகிறதோ, அங்கே கணவாயைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். மூடுபனியில் ஏரி தெரியாது, உச்சி தெரியாது. ஆனால் காலடியில் ஓடும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பது எப்போதும் தெரியும். இதை முன்கூட்டியே அட்டையில் எழுதி வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் ஞாபகம் வரும்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. க்ளென் நா முய்க் என்ற பெயரில் இங்கே இரண்டு பள்ளத்தாக்குகள். ஒன்று நாம் ஏறி வந்த தெற்குப் பக்கம். இன்னொன்று கணவாய்க்கு வடக்கே இறங்குவது. திரும்பும்போது தவறான பக்கம் இறங்கிவிட்டால், பெயரைப் பார்த்து 'சரியாகத்தான் வந்திருக்கிறோம்' என்று நினைத்து, வண்டியிலிருந்து ஒரு முழு நாள் தள்ளி வெறும் வனாந்தரத்தில் போய் நிற்பீர்கள். அட்டையில் அந்த வடக்குப் பள்ளத்தாக்கைச் சிவப்பில் அடித்துவிடுங்கள்.

நேரக் கணக்கு

1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூடுதல். நம் வழி ஒரு பக்கத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டர், 900 மீட்டருக்கு மேல் ஏற்றம். அவர் கணக்குப்படி ஐந்து மணி நேரத்துக்குள் உச்சியில் இருக்க வேண்டும்.

நடக்காது. ஹெதர் புதரிலும் சேற்றிலும் முதுகில் சுமையோடு மணிக்கு 5 கிலோமீட்டர் போகிற புதியவர் யாரும் இல்லை. தடம் உள்ள இடத்தில் 4, தடம் இல்லாத இடத்தில் 2.5 என்று வையுங்கள். ஏரிவரை மூன்று மணி நேரம். ஏரியிலிருந்து கணவாய் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கணவாயிலிருந்து உச்சிக்கு 440 மீட்டர் ஏற்றம், ஒன்றரை மணி நேரம். ஆக ஆறரை மணி நேரம். திரும்ப ஐந்து, ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றரை. மொத்தம் 13 மணி நேரம். ஜூனில் இரவு 10 மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால் ஒரே நாளில் முடிகிறவர்கள் உண்டு. புதியவர்கள் முதல் நாள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, மறுநாள் காலை சுமையைக் குறைத்துக்கொண்டு உச்சிக்குப் போய்வருவதே நல்லது. களைத்த மூளை வரைபடத்தைத் தனக்கு வசதியாகப் படிக்கும்.

திரும்பும் நேரத்தையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். 'மதியம் இரண்டு மணிக்குள் உச்சி இல்லையென்றால், எங்கே நின்றாலும் திரும்புகிறோம்' என்பது போல. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது இந்த முடிவை எடுக்க யாராலும் முடியாது. அதனால்தான் முன்கூட்டியே எடுக்கச் சொல்கிறேன்.

எப்போது போவது

மே கடைசி, ஜூன் முதல் பாதி. பகல் நீளம், மழை ஒப்பீட்டளவில் குறைவு, மிட்ஜ் என்ற பொடிக் கொசுக்கள் இன்னும் முழு வேகத்துக்கு வந்திருக்காது. ஜூலை, ஆகஸ்டில் காற்றில்லாத மாலையில் அவை மொய்க்கத் தொடங்கினால் கூடாரத்துக்கு வெளியே ஒரு நிமிடம் நிற்க முடியாது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் பிற்பகுதி வரை மான் வேட்டை மும்முரமாக நடக்கும். அந்த மாதங்களில் எஸ்டேட்டில் எந்தப் பக்கம் வேட்டை என்று விசாரித்துவிட்டு அதற்கேற்பப் போவது சட்டம் கேட்கும் பொறுப்பில் சேர்த்தி. பனிக்காலம் வேண்டவே வேண்டாம். ஐஸ் கோடரியும் பனிச்சரிவு பற்றிய அறிவும் கேட்கும் வேறு உலகம் அது.

வானிலைக்கு எம்விஸ் என்று சுருக்கிச் சொல்லும் மலை வானிலைத் தகவல் சேவையைப் பாருங்கள். வடமேற்கு ஹைலேண்ட்ஸ் பகுதிக்குத் தனி அறிக்கை வரும். ஊர் வானிலையைப் பார்த்து மலைக்குப் போகக் கூடாது. 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.65 டிகிரி குறையும். கீழே 14 டிகிரி என்றால் உச்சியில் 8, அதற்கு மேல் காற்று. அந்த அறிக்கையில் மன்ரோ உச்சிகள் மேகமில்லாமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சதவீதத்தில் போட்டிருப்பார்கள். முதல் முறை போகிறவர்கள் அது 80-க்குக் கீழே இருந்தால் வேறு நாள் பார்க்கலாம். உச்சியில் காற்று மணிக்கு 30 மைலைத் தாண்டினாலும் அப்படியே. முந்தின இரண்டு நாள் மழையையும் பாருங்கள். இன்றைய வெயில் நேற்றைய வெள்ளத்தை வற்ற வைக்காது.

காம்பஸ்

தட்டையான கண்ணாடி போன்ற அடித்தட்டு உள்ள காம்பஸ்தான் வேண்டும். ஒருமுறை நிதானமாகச் செய்து பாருங்கள்.

1. அடித்தட்டின் நீள ஓரத்தை வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் போக வேண்டிய இடத்துக்கும் நேராக வையுங்கள். தட்டில் உள்ள அம்பு போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

2. சுழலும் வளையத்தைத் திருப்பி, அதன் உள்கோடுகளை வரைபடத்தின் வடக்குத் தெற்குக் கோடுகளோடு இணையாக்குங்கள். வளையத்தின் வடக்குக் குறி வரைபடத்தின் மேல்பக்கம் இருக்க வேண்டும். இது தலைகீழானால் சரியாக 180 டிகிரி எதிர்த்திசையில் போவீர்கள். மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது.

3. முள் காட்டும் காந்த வடக்குக்கும் வரைபடக் கோடுகள் காட்டும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசம் வரைபடத்தின் ஓரத்தில் அச்சாகியிருக்கும். பிரிட்டனில் இப்போது இது மிகச் சிறியது. 2022 நவம்பரில் உண்மை வடக்கு, வரைபட வடக்கு, காந்த வடக்கு மூன்றும் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரே கோட்டில் சந்தித்தன. ஆனால் வேறு நாட்டு மலைக்குப் போனால் இந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கழிக்காமல் நகரவே கூடாது.

4. காம்பஸை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, சிவப்பு முள் வளையத்தின் வடக்குக் குறிக்குள் வரும்வரை நீங்கள் உடம்போடு திரும்புங்கள். தட்டின் அம்பு காட்டுவது உங்கள் வழி.

இனி காம்பஸைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். அம்பின் நேரே ஒரு பாறையோ தனித்த புல்திட்டோ குறித்துக்கொண்டு, அதுவரை எப்படி வேண்டுமானாலும் சேறு சுற்றிப் போங்கள். அங்கே போய் அடுத்த குறி. மூடுபனியில் குறிக்க எதுவும் தெரியாதபோது, துணையை 20 மீட்டர் முன்னே அனுப்பி, 'கொஞ்சம் இடது, இன்னும், சரி நில்லுங்கள்' என்று நேர்ப்படுத்தி, அவரிடம் போய்ச் சேருங்கள். மெதுவான வேலைதான், ஆனால் நம்பலாம்.

போனை, சாவிக்கொத்தை, காந்தப் பூட்டு வைத்த பையை காம்பஸிடமிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருந்தால் முள் விலகும். நெடுநேரம் ஒரே பையில் கிடந்தால் முள்ளின் வடக்கும் தெற்கும் நிரந்தரமாகவே மாறிப்போவதுண்டு. வண்டியை விட்டு இறங்கியதும், சூரியனை வைத்தோ சாலையை வைத்தோ காம்பஸ் சரியா என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

தூரத்தை அளக்கக் காலடிதான். சமதளத்தில் இடது கால் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒன்று என எண்ணினால் 100 மீட்டருக்குப் பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 70 வரும். உங்கள் எண் என்ன என்று பூங்காவில் அளந்து வையுங்கள். ஹெதரில், ஏற்றத்தில் இது கணிசமாகக் கூடும். 300, 400 மீட்டருக்கு மேல் எண்ணிக்கை தள்ளாடும். அதற்கு மேல் கடிகாரத்தை நம்புங்கள்.

வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளிக் குறிவைப்பது இன்னொரு உத்தி. கணவாயிலிருந்து திரும்பும்போது ஏரியின் முனைக்கே நேராகக் குறிவைத்தால், சற்று விலகினாலும் முனை இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியாது. முனைக்கு நன்றாக வடமேற்கே, நடுக்கரையை நோக்கி இறங்குங்கள். பல கிலோமீட்டர் நீளமான ஏரி, தவறவிட முடியாது. கரை வந்ததும் ஏரியை வலது கைப்பக்கம் வைத்துத் தென்கிழக்கே நடந்தால் முனையும் தடமும் வந்தே தீரும். இருநூறு, முன்னூறு மீட்டர் கூடுதல் நடைதான், தேடும் வேலை மிச்சம்.

போன் வேண்டாமா? வேண்டும். வரைபடச் செயலியில் இந்தப் பகுதியை முன்பே இறக்கி வையுங்கள், ஏனென்றால் மலைக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. ஜிபிஎஸ்ஸுக்குச் சிக்னல் தேவையில்லை. போனை விமானப் பயன்முறையில், உடம்புச் சூட்டில், நீர் புகாத உறையில் வையுங்கள். நான் அதைப் பயன்படுத்தும் விதம் இது: முதலில் வரைபடத்தில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று விரல் வைப்பேன், பிறகு போனைத் திறந்து சரிபார்ப்பேன். இந்த வரிசையை மாற்றினால் வரைபடம் படிக்கும் திறமை வளரவே வளராது. மழையில் தொடுதிரை விரலை ஏற்க மறுக்கும் நாளில் அது தெரியவரும்.

தரையில்

ஏரிமுனையில் தடம் முடிந்ததும் பத்து நிமிடம் உட்காருங்கள். சாப்பிடுங்கள், அட்டையை வாசியுங்கள், எதிரே தெரியும் சரிவையும் வரைபடத்தையும் ஒப்பிடுங்கள். தென்மேற்கே ஏரிக்கு அப்பால் ஸ்லீயாக் மலை நிற்கும். நாள் முழுக்க அது உங்கள் அடையாளம்.

இங்கே நிலம் பெரும்பாலும் பீட். செடிகொடி பல ஆயிரம் ஆண்டுகளாக மக்காமல் சேர்ந்த கறுப்புச் சேறு. தண்ணீர் அதை அறுத்து, ஆள் உயரத்துக்குக்கூட வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்து வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறினால் உயிர் போய்விடும். கொஞ்சம் மேலே போய்ச் சரிவில் நடந்தால் நிலம் காய்ந்திருக்கும். பளிச்சென்ற பச்சைப் பாசி மெத்தை போல விரிந்திருந்தால் மிதிக்காதீர்கள். கீழே ஆழம் தெரியாது. பழுப்புப் புல், ஹெதர், பாறை, இவை தாங்கும். நடைக்கோலால் குத்திப் பார்த்து வையுங்கள்.

சரிவில் குறுக்காக நடக்கும்போது கால் தானாகவே கீழ்ப்பக்கம் நழுவும். கிலோமீட்டருக்கு 30, 40 மீட்டர் உயரம் இழப்பதே தெரியாது. உயரமானி உள்ள கடிகாரம் இருந்தால் ஏரிமுனையில் சரிசெய்து, அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். இல்லாவிட்டால் 'கொஞ்சம் அதிகமாகவே மேலே' என்று நினைத்துக்கொண்டு நடங்கள்.

ஓடைகள்தான் இந்த வழியில் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பவை. ஸ்காட்லாந்து மலைகளில் ஆற்றைக் கடக்கப்போய் உயிரிழந்தவர்கள் உண்டு. முழங்காலுக்கு மேல், வேகமாக ஓடும் நீரில் இறங்காதீர்கள். நீர் பழுப்பாகக் கலங்கி, அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால் அங்கே கேள்வியே இல்லை, திரும்புங்கள். கடக்கத்தான் வேண்டும் என்றால் அகலமான இடத்தைத் தேடுங்கள். அகலமாக இருந்தால் ஆழம் குறைவு. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றி, நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். ஷூவைக் கழற்ற வேண்டாம். க்ளென் பியனஸ்டல் வழியாகத் திரும்பினால் மரீ ஏரிக்கரை அழகாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு லாக்கன் ஃபாடாவிலிருந்து வெளியேறும் ஆற்றைக் கடக்க வேண்டும். மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் வேண்டாம்.

கணவாய் வந்ததும் மறுபடி நில்லுங்கள். நேரம் பாருங்கள், அட்டையோடு ஒப்பிடுங்கள். இங்கே அரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் உச்சி இன்றைக்கு இல்லை. திரும்பி நின்று வந்த வழியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது நிலம் வேறு முகம் காட்டும், அப்போது இந்தப் படம் கைகொடுக்கும்.

இதற்கு மேல் உச்சிவரை இதமான புல்சரிவு. வலது பக்கம் செந்நிற மணற்பாறைச் சரிவோடு நிற்பது ரூவா ஸ்டாக் மோர், 918 மீட்டர். நீங்கள் ஏறுவது சாம்பல் நிற நைஸ் பாறை. பூமியின் மிகப் பழைய பாறைகளில் சேர்த்தி. சிவப்புச் சரளை காலடியில் வந்துவிட்டால் கணவாயிலிருந்து மிகவும் வலப்பக்கம் விலகிவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். இந்தச் சரிவு இதமாக இருப்பதால்தான் ஓர் எச்சரிக்கை. அ வைச்சனின் மேற்கு, தென்மேற்குப் பக்கம் செங்குத்துப் பாறை. புல்சரிவு அந்த விளிம்புவரை சாதுவாகப் போய் அப்படியே நின்றுவிடும். மேகம் மூடியிருந்தால் மேலே போகப் போக இடது பக்கம் ஒதுங்காதீர்கள், சரிவு சமமாகத் தொடங்கியதும் ஒவ்வொரு அடியையும் பார்த்து வையுங்கள்.

தெளிந்த நாளாக இருந்தால் உச்சியில் நின்று மேற்கே பாருங்கள். கீழே டூ லாக், அதற்கப்பால் ஃபின் லாக், இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கல் கரை, தூரத்தில் கடல். கண்ணுக்கெட்டியவரை ஒரு சாலை கிடையாது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வர வேண்டும் என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை.

உச்சியை விட்டுக் கிளம்புவதற்கு முன் இறங்கும் திசைக்கோணத்தை காம்பஸில் வையுங்கள், வெயில் அடித்தாலும். தென்கிழக்கு என்று ஞாபகம் இருந்தால் போதாது, எண் வேண்டும். அகலமான சரிவில் இறங்கும்போது உச்சியில் 10 டிகிரி தவறினால், 2 கிலோமீட்டர் கீழே கணவாயிலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் விலகியிருப்பீர்கள்.

வழி தவறினால்

'ஏதோ சரியில்லை' என்று தோன்றிய கணமே நில்லுங்கள். பெரும்பாலானவர்கள் 'இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்' என்று போவதில்தான் சின்னத் தவறு பெரிதாகிறது. கடைசியாக நிச்சயமாக எங்கே இருந்தீர்கள்? அங்கிருந்து எத்தனை நிமிடம், எந்தத் திசை? அதை வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போடுங்கள், அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறீர்கள். இப்போது நிற்கும் சரிவு எந்தத் திசையில் இறங்குகிறது என்று காம்பஸால் அளங்கள். வட்டத்துக்குள் அந்தத் திசையில் இறங்கும் சரிவு ஒன்றிரண்டுதான் இருக்கும். மூடுபனியில் இது எத்தனையோ பேரை மீட்டிருக்கிறது. அதற்கும் சரிவரவில்லை என்றால் வந்த வழியே கடைசி நிச்சயமான இடத்துக்குத் திரும்புங்கள். குழுவைப் பிரித்து, 'நீ அந்தப் பக்கம் பார், நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன்' என்பது மட்டும் கூடவே கூடாது.

யாருக்காவது அடிபட்டால் 999 அல்லது 112. முதலில் போலீஸ் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். கட்ட எண்ணைச் சொல்லுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருந்தாலும் குறுஞ்செய்தி போகலாம். அதற்குப் புறப்படும் முன்பே ஆங்கிலத்தில் ரெஜிஸ்டர் என்ற சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். சிக்னலே இல்லையா, விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், காசு வாங்குவதில்லை. தயங்காதீர்கள், ஆனால் காத்திருக்கப் பல மணி நேரம் ஆகும் என்பதை மனதில் வைத்து மூட்டை கட்டுங்கள்.

மூட்டையில் என்ன? நீர் புகாத மேல்சட்டையும் கால்சட்டையும், கம்பளிக் குல்லா, கையுறை, உலர்ந்த ஒரு மாற்றுச் சட்டை, ஆளுக்கொரு தலைவிளக்கு, குழு முழுக்க உள்ளே உட்காரக்கூடிய அவசரக் கூடு, முதலுதவி, விசில், பவர் பேங்க், ஒரு வேளைக்கு மேல் உணவு. ஜீன்ஸும் பருத்தி பனியனும் வீட்டிலேயே இருக்கட்டும். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவதில் எனக்கு முழுச் சம்மதம். குளிரில் கெடாது, உப்பும் இருக்கிறது. கூடவே பேரீச்சையும் கடலை மிட்டாயும். காம்பஸும் வரைபடமும் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது.

வீட்டில் இருக்கும் ஒருவரிடம் வழி, வண்டி எண், திரும்பும் நேரம், எத்தனை மணிவரை தகவல் இல்லையென்றால் போலீஸைக் கூப்பிட வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்கியதும், பசியாக இருந்தாலும், முதலில் அவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

அப்புறம் உண்ணி. ஹெதரிலும் புல்லிலும் நிறைய. இரவே முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் என்று உடம்பு முழுக்கத் தேடி, நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவுவது, தீ வைப்பது எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். லைம் நோயாக இருக்கலாம், ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையில் குணமாகிவிடும்.